துவர்ப்பைத் தேடிப் போங்கள்: சைடரும் பெரியும் செய்யத் தொடங்குபவர்களுக்கு

பெரி செய்வதற்கென்றே வளர்க்கப்படும் பேரிக்காயை நான் முதன்முதலில் கடித்தது ஓர் அக்டோபர் காலையில். எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும், பச்சையில் லேசாகச் சிவப்பு ஓடிய காய். பல் இறங்கியதும் நல்ல இனிப்பு. மறு நொடியே நாக்கு தடித்து, கன்னத்தின் உள்பக்கம் பல்லோடு ஒட்டிக்கொண்டது. துப்பினேன், வாய் கொப்பளித்தேன், அப்படியும் அந்த இறுக்கம் விட வெகு நேரம் ஆனது. அதே மரத்தின் முந்தைய வருடப் பழத்தில் செய்த பெரியை அன்று மாலை ஒரு வாய் குடிக்கக் கொடுத்தார்கள். பூ வாசனை, எலுமிச்சைத் தோலின் கூர்மை, அதற்கடியில் காலையில் வாயைப் பிடித்த அதே துவர்ப்பு. ஆனால் இப்போது அது பட்டுத் துணியைத் தொடுவதுபோல இருந்தது. கடிக்கவே முடியாத காய் எப்படி இப்படி ஆகிறது என்று கேட்கத் தொடங்கியதுதான். இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்தால் சைடர். பேரிக்காய்ச் சாற்றைப் புளிக்க வைத்தால் பெரி. பெர்ரிப் பழங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் சைடர் என்றால் பெரும்பாலும் புளிக்காத, வடிகட்டாத ஆப்பிள் சாறு. இந்தக் கட்டுரையில் சைடர் என்பது புளித்த பானம் மட்டுமே. அதில் பொதுவாக 5 முதல் 8 சதவீதம் ஆல்கஹால் இருக்கும்.

பழம்தான் பாதி வேலை

சைடர் செய்வது பீர் காய்ச்சுவதைப் போன்றது அல்ல. அடுப்பு கிடையாது, செய்முறை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பழத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கடைசியில் கோப்பைக்கு வரும். அதனால் கருவி வாங்குவதற்கு முன்னால் பழத்தைத் தின்று பழகுங்கள் என்றுதான் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே இருந்த லாங் ஆஷ்டன் ஆராய்ச்சி நிலையத்தின் பேராசிரியர் பார்க்கர் 1903இல் சைடர் ஆப்பிள்களை நான்கு வகையாகப் பிரித்தார். இன்றும் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். புளிப்பும் துவர்ப்பும் குறைவாக இருந்தால் இனிப்பு வகை. புளிப்பு மட்டும் தூக்கலாக இருந்தால் புளிப்பு வகை. புளிப்பு குறைந்து துவர்ப்பு தூக்கலாக இருந்தால் துவர்-இனிப்பு. இரண்டும் தூக்கலாக இருந்தால் துவர்-புளிப்பு. சாற்றில் புளிப்பைத் தரும் அமிலம் 0.45 சதவீதம், துவர்ப்பைத் தரும் டானின் 0.2 சதவீதம். இவைதான் பிரிக்கும் கோடுகள். டாபினெட், யார்லிங்டன் மில் போன்றவை துவர்-இனிப்பு. கிங்ஸ்டன் பிளாக், ஃபாக்ஸ்வெல்ப் ஆகியவை துவர்-புளிப்பு.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. டானின் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு சுவைகள் ஒளிந்திருக்கின்றன: நாக்கின் பின்பக்கம் தங்கும் கசப்பு, வாய் முழுவதையும் உலர்த்திப் பிடிக்கும் துவர்ப்பு. ஆங்கிலேயச் சைடர்காரர்கள் இரண்டையும் பிரித்துச் சொல்ல 'கடின டானின்', 'மென் டானின்' என்று புதிதாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கடினம் என்றால் கசப்பு, மென்மை என்றால் துவர்ப்பு. நமக்கோ அறுசுவையில் இரண்டும் தனித்தனியாகவே நிற்கின்றன. ஒரு பழத்தைக் கடித்ததும் இது கசக்கிறது, இது துவர்க்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் பாதி தூரம் வந்துவிட்டார்.

பழகும் முறை இதுதான். ஒரு துண்டு கடித்து, பத்து முறை மென்று, சாற்றை வாய்க்குள் சுழற்றித் துப்பிவிட்டு அரை நிமிடம் சும்மா இருங்கள். இனிப்பு உடனே மறையும். புளிப்பு எச்சில் ஊற வைக்கும். துவர்ப்பு எச்சிலை வற்ற வைக்கும். கசப்பு கடைசியில் எஞ்சும். எந்தப் பழத்துக்கு எது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டே வாரத்தில் நாக்கு தெளிந்துவிடும்.

சைடருக்கென்று வளர்த்த ஆப்பிள் கிடைக்கவில்லையே என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிற்க வேண்டியதில்லை. சாப்பிடும் ஆப்பிளில் இனிப்பு இருக்கிறது, சமையல் ஆப்பிளில் புளிப்பு இருக்கிறது. இல்லாதது துவர்ப்பு மட்டும்தான். அதற்குக் காட்டு ஆப்பிள் இருக்கிறது. நான் எடுக்கும் கணக்கு, பத்துப் பங்கில் ஆறு பங்கு சாப்பிடும் ஆப்பிள், மூன்று பங்கு சமையல் ஆப்பிள், ஒரு பங்கு காட்டு ஆப்பிள். சாப்பிடும் ஆப்பிளே நன்றாகப் புளித்தால் சமையல் ஆப்பிளைக் குறைத்துவிடலாம். ஒரே வகை சாப்பிடும் ஆப்பிளை மட்டும் பிழிந்து செய்தால் குடிக்க முடியும், ஆனால் தண்ணீர் கலந்த மாதிரி வெறுமையாக இருக்கும். முதல் முயற்சியிலேயே பலர் ஆர்வம் இழப்பது இதனால்தான் என்பது என் எண்ணம்.

பழுத்ததா என்று எப்படிப் பார்ப்பது? வெட்டினால் விதை பழுப்பாக இருக்க வேண்டும். வீட்டில் அயோடின் இருந்தால் வெட்டிய முகத்தில் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் சர்க்கரையாகவில்லை, பொறுக்க வேண்டும். பறித்த ஆப்பிளை ஓரிரு வாரம் குவித்து வைத்து, கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும் பதத்துக்கு வந்தபின் பிழிவது நல்லது. தானாக விழுந்த பழத்தையும் எடுக்கலாம். அடிபட்டுப் பழுப்பான இடம் பரவாயில்லை. ஆனால் பூஞ்சை பிடித்து அழுகியதைத் தள்ளிவிடுங்கள், அதில் பாட்டுலின் என்ற நச்சு உருவாகும். ஆடுமாடு மேயும் தோப்பில் தரையிலிருந்து பொறுக்குவதாக இருந்தால், அறுவடைக்கு இரண்டு மாதம் முன்பே மேய்ச்சலை நிறுத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். சாணத்தின் வழியாக வரும் கிருமி விளையாட்டுக் காரியமில்லை.

என்னென்ன வேண்டும்

முதல் வருடத்துக்கு 10 கிலோ பழம் போதும். அதிலிருந்து 5 லிட்டருக்குக் கிட்டத்தட்டச் சாறு வரும். டெமிஜான் எனப்படும் 4.5 லிட்டர் கண்ணாடிக் குடுவை, வாய்க்கு ரப்பர் அடைப்பு, காற்று வெளியே போகலாம் உள்ளே வரக் கூடாது என்பதற்கான ஏர்லாக், உறிஞ்சுகுழாய், ஹைட்ரோமீட்டர், பிஎச் பட்டை. அரைக்கவும் பிழியவும் ஏதாவது ஒன்று. தோட்டக்காரர்கள் பொதுவில் வைத்திருக்கும் அரவைப் பொறியும் பிழிபொறியும் பல ஊர்களில் இரவல் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் பழத்தை முழுதாக உறைய வைத்து, பிறகு இளகவிடுங்கள். பனிக்கட்டி செல்களைக் கிழித்துவிடும். பழம் பஞ்சுபோல ஆகி, அரைக்காமலே துணியில் கட்டிப் பிழிய வரும்.

சாறு எதில் படுகிறது என்பதில் மட்டும் கறாராக இருங்கள். கண்ணாடி, எவர்சில்வர், உணவுத் தரப் பிளாஸ்டிக், மரம், இவை நான்கும் சரி. இரும்பு பட்டால் டானினோடு சேர்ந்து சைடர் கறுத்துப்போகும். செம்பும் துத்தநாகமும் ஆகாது. ஈயம் உயிருக்கே ஆபத்து. 18ஆம் நூற்றாண்டில் டெவன் பகுதியில் சைடர் குடித்தவர்களுக்குக் கொடூரமான வயிற்றுவலியும் பக்கவாதமும் வந்தன. புளிப்பான பானம் என்பதால்தான் இப்படி என்று வெகு காலம் நம்பினார்கள். ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் 1767இல், பிழிபொறிகளில் பயன்படுத்திய ஈயம்தான் காரணம் என்று காட்டினார். ஆப்பிள் சாற்றின் அமிலம் ஈயத்தைக் கரைத்துக் குடிக்கிறவரின் உடம்புக்குக் கொண்டுபோயிருக்கிறது. பழைய வீட்டுச் சாமான் விற்கும் இடத்தில் அழகான பீங்கான் ஜாடியைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய பீங்கான் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும்.

பிழியும் நாள்

பழத்தைத் தண்ணீரில் கொட்டிக் கழுவுங்கள். ஆப்பிள் மிதக்கும், மண்ணும் கல்லும் அடியில் தங்கும். பேரிக்காயில் பல வகைகள் மூழ்கிவிடும் என்பதால் கையால் அள்ளிக் கழுவ வேண்டும். பிறகு அரைக்க வேண்டும். கூழாக வேண்டியதில்லை, கரகரப்பாக இருந்தால்தான் சாறு வடிய வழி இருக்கும். விதை நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக வருவது எனக்கு வருடத்திலேயே மிகவும் பிடித்த ஒரு மணி நேரம். பிழிபொறியின் தட்டில் ஒரு மரச் சட்டம். அதன் மேல் துணியை விரித்து, அரைத்ததை நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, துணியின் நான்கு முனைகளையும் கடிதம் மடிப்பதுபோல உள்ளே மடிக்க வேண்டும். அதன் மேல் ஒரு பலகைத் தட்டி. மறுபடி துணி, மறுபடி சக்கை. இப்படி ஏழெட்டு அடுக்கு. சைடர்காரர்கள் இந்த அடுக்குக்கு 'பாலாடைக் கட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திருகைத் தொடுவதற்கு முன்பே, அடுக்கின் சொந்தக் கனத்தில் சாறு ஒழுகத் தொடங்கும். அதுதான் இருப்பதில் தெளிவான சாறு. அப்புறம் திருக வேண்டும், மெதுவாக. கால் சுற்று, நிறுத்து, சாறு ஓடி அடங்கட்டும், மறுபடி கால் சுற்று. அவசரப்பட்டால் துணி கிழியும், சக்கை பக்கவாட்டில் பீய்ச்சும். வெளிர்மஞ்சளாக ஓடும் சாறு கண்ணெதிரே தேன் நிறமாகி, பாத்திரத்தில் விழுவதற்குள் பழுப்பாகும். கெட்டுவிட்டதோ என்று பயப்படாதீர்கள். டானின் காற்றோடு சேரும்போது வரும் நிறம் அது. புளிக்கும்போது பாதி வெளுத்துவிடும்.

சாற்றை அளக்க வேண்டும். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிடச் சாறு எத்தனை மடங்கு அடர்த்தி என்பது தெரியும். நல்ல சாறு 1.045க்கும் 1.060க்கும் இடையில் நிற்கும். 1.050இல் தொடங்கி 1.000இல் முடிந்தால் ஆல்கஹால் சுமார் 6.5 சதவீதம். அதாவது கடைசி இரண்டு இலக்கத்தில் எத்தனை புள்ளி இறங்குகிறதோ அதை 0.13ஆல் பெருக்கினால் போதும். 1.045க்குக் கீழே இருந்தால் கொஞ்சம் சர்க்கரை சேர்க்கலாம், தவறில்லை.

அடுத்தது பிஎச், புளிப்பு கூடக் கூட இந்த எண் குறையும். 3.2 முதல் 3.8 வரை இருந்தால் நிம்மதி. 3.8ஐத் தாண்டினால் கெடுக்கும் பாக்டீரியாவுக்கு வாசல் திறந்துவிட்டது என்று பொருள். புளிப்பு ஆப்பிள் சாற்றையோ மாலிக் அமிலத்தையோ சேர்த்துக் கீழே கொண்டுவாருங்கள். அடுத்ததாக, வேண்டாத கிருமிகளை அடக்கும் சல்ஃபைட்டை மாத்திரையாகப் போடுவதா வேண்டாமா என்ற கேள்வி. இதில் சைடர்காரர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். காம்ப்டன் எனப்படும் சல்ஃபைட் மாத்திரை ஒன்று 4.5 லிட்டரில் லிட்டருக்கு சுமார் 50 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடைத் தரும். பிஎச் 3.3 வரை ஒரு மாத்திரை, 3.5 வரை இரண்டு, 3.8 வரை மூன்று. இதுதான் வழக்கமான அளவு. பொடித்துக் கலந்து, ஒரு நாள் முழுக்க விட்டு, பிறகு கடையில் வாங்கிய ஈஸ்டைச் சேர்க்க வேண்டும். உங்களோடு குடிக்கப்போகிறவர்களில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் சல்ஃபைட் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், சொல்லிவிடுங்கள்.

மாத்திரையே போடாமல், பழத்தோடும் பிழிபொறித் துணியோடும் வந்த காட்டு ஈஸ்டையே நம்பி விட்டுவிடலாம். சுவை ஆழமாக வரும், ஆனால் எல்லா வருடமும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு குடுவை வைத்து, ஒன்றில் வாங்கிய ஈஸ்ட், ஒன்றில் காட்டு ஈஸ்ட் என்று ஒரே சாற்றில் செய்து பாருங்கள் என்பேன். எந்தப் பக்கம் சாய்வது என்பதை அதற்கப்புறம் உங்கள் நாக்கே சொல்லும்.

குடுவைக்குள்

முதலில் ஐந்தில் நான்கு பங்கு மட்டும் நிரப்புங்கள். வாங்கிய ஈஸ்டானால் இரண்டு மூன்று நாளில், காட்டு ஈஸ்டானால் ஒரு வாரம் கழித்துக்கூட, பழுப்பு நுரை பொங்கும். மிச்சச் சாற்றைக் குளிர்ப்பெட்டியில் மூடி வைத்திருங்கள். நுரை அடங்கியதும் பக்கத்தைத் துடைத்துவிட்டு, அந்தச் சாற்றால் குடுவையைக் கழுத்துவரை நிரப்பி ஏர்லாக்கைப் பொருத்துங்கள். 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் உள்ள இடம் உகந்தது. சூட்டில் வேகமாகப் புளித்தால் பழ வாசனை எல்லாம் வாயுவோடு போய்விடும். மெதுவாகப் புளிக்கிற சைடர்தான் வாசனையைத் தக்கவைக்கும்.

கழுத்துவரை என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் இரண்டாவது வருடத்தில் சுவை பார்க்கச் சுவை பார்க்க ஒரு குடுவை முக்கால்வாசிக்கு இறங்கிவிட்டது. நிரப்ப வேறு சைடர் இல்லாததால் அப்படியே விட்டேன். மேலே முதலில் வெள்ளைப் படலம் வந்தது, ஆறு வாரத்தில் முழுக்க வினிகர். அந்த வருடத்தின் சிறந்த கலவை அதுதான். ஆல்கஹாலை வினிகராக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும், காலி இடம் இருந்தால் அதற்குக் காற்றைக் கொடுத்துவிட்டோம். நிரப்பச் சைடர் இல்லையென்றால் சிறிய குடுவைக்கு மாற்றுங்கள், அல்லது கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடிக் கோலிகளைப் போட்டு மட்டத்தை உயர்த்துங்கள்.

நடுவில் அழுகிய முட்டை நாற்றம் வரலாம். ஈஸ்ட் சத்துக் குறைவில் தவிக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானாகப் போய்விடும். குமிழி குறைந்து ஒப்படர்த்தி 1.005க்கு வந்ததும், அடி வண்டலைக் கலக்காமல் உறிஞ்சுகுழாயால் சுத்தமான இன்னொரு குடுவைக்கு மாற்றுங்கள். குழாயின் வெளிமுனை புதிய குடுவையின் அடியைத் தொட வேண்டும், சளசளவென்று விழுந்தால் காற்று ஏறும். அதன்பின் கை வைக்காதீர்கள்.

காத்திருக்கும் மாதங்கள்

அக்டோபரில் பிழிந்தது ஜனவரியில் குடுவைக்குள் சத்தமில்லாமல் இருக்கும். இங்கிலாந்தின் மேற்குச் சைடர் மாவட்டங்களில் அந்த மாதம்தான் வசேல். சில ஊர்களில் ஜனவரி 5 அல்லது 6, சில ஊர்களில் பழைய நாட்காட்டிக் கணக்கில் ஜனவரி 17. இருட்டியபின் தீப்பந்தத்தோடு தோப்புக்குப் போவார்கள். வேருக்குச் சைடர் ஊற்றி, சைடரில் நனைத்த ரொட்டியைக் கிளையில் செருகி, பாத்திரம் தட்டி, துப்பாக்கி வெடித்து மரத்தைத் தூக்கத்திலிருந்து எழுப்புவார்கள். வரும் பருவத்துக்குக் காய்க்கச் சொல்லி மரத்திடமே கேட்கும் சடங்கு இது.

சைடர் அங்கே ஒரு காலத்தில் கூலியாகவே இருந்தது. பண்ணையாட்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியைச் சைடராக அளந்து கொடுத்தார்கள், 1887இல் வந்த சட்டம் அதைத் தடை செய்தது. அதற்கும் முன்னால் 1763இல் அரசாங்கம் சைடர் மேல் வரி போட்டது. வரி அதிகாரிகள் வீட்டுக்குள் நுழைந்து பீப்பாயைப் பார்க்கலாம் என்றானதும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1766இல் அரசாங்கம் பின்வாங்கியது.

வேறு நாடுகளில் வேறு கைப்பழக்கம். ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் புட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, இடுப்பளவில் சாய்த்துப் பிடித்த கோப்பையின் விளிம்பில் சிறிதளவு மட்டும் விழ வைத்து, நுரை அடங்குவதற்குள் குடித்துவிடுவார்கள். வாயு இல்லாத சைடரை அந்த உயரம்தான் உயிர்ப்பிக்கிறது. இந்தப் பண்பாட்டை 2024இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பிரான்சின் நார்மண்டியில், புளிப்பதற்கு முன்பே, ஜாமை உறைய வைக்கும் பெக்டின் என்ற பழப் பொருளைக் கட்டியாக மேலே எழச் செய்து, ஈஸ்டுக்கான சத்தையும் அதோடு வெளியேற்றி, இயற்கையான இனிப்பு மிஞ்சும்படி நிறுத்துகிறார்கள். ஆசையாக இருக்கும், ஆனால் முதல் வருடத்தில் அதில் கை வைக்க வேண்டாம்.

வசந்தத்தில் சூடு ஏறும்போது குடுவையில் மறுபடி ஓரிரு குமிழி வரும். ஆப்பிள் மரம் பூப்பதைத் தெரிந்துகொண்டு சைடரும் அசைகிறது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். உள்ளே நடப்பது என்னவென்றால், பாக்டீரியா கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. நாக்கில் அது நன்றாகவே தெரியும்.

பெரி கேட்கும் தனிக் கவனம்

சைடரில் ஒரு வருடமாவது பழகியபின் பெரிக்கு வாருங்கள். பேரிக்காய் மன்னிக்காத பழம். உள்ளிருந்து வெளியே பழுப்பதால், வெளியே உறுதியாகத் தெரியும் காய் நடுவில் அழுகியிருக்கும். தினமும் ஒன்றிரண்டை வெட்டிப் பார்க்க வேண்டும். சில வகைகளை விழுந்த ஓரிரு நாளில் அரைத்தாக வேண்டும். பட் என்ற வகை மட்டும் நேர் எதிர், ஒரு வருடம் பொறுக்கி அடுத்த வருடம் அரைக்கலாம் என்று பழமொழியே உண்டு.

அரைத்ததும் உடனே பிழியாமல், சக்கையை மூடி ஓர் இரவு வைப்பது வழக்கம். அந்த நேரத்தில் டானினின் ஒரு பகுதி சக்கையிலேயே தங்கிவிடும், முரட்டுத் துவர்ப்பு குறையும். பேரிக்காயில் சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் உண்டு. ஈஸ்டால் அதைத் தின்ன முடியாது. அதனால் பெரி முழுதாகப் புளித்தபின்னும் லேசாக இனிக்கும், ஹைட்ரோமீட்டரும் 1.000க்கு மேலேயே நின்றுவிடலாம். இன்னும் முடியவில்லை என்று காத்திருந்து பயனில்லை. சார்பிட்டால் வயிற்றை இளக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், முதல் முறை குடிக்கிறவருக்குச் சின்னக் கோப்பை போதும்.

இரண்டு ஆபத்துகள். பேரிக்காயில் சிட்ரிக் அமிலம் இருப்பதால், லாக்டிக் பாக்டீரியா அதை வினிகர் அமிலமாக மாற்றிவிடக்கூடும். சைடரில் காட்டு முறையே போதும் என்கிற நான் பெரியில் மாத்திரை போட்டுத்தான் செய்கிறேன். அடுத்தது, தெளிந்த இரண்டு பெரிகளைக் கலந்தால் டானின் திரிந்து இரவோடு இரவாகக் கலங்கிவிடலாம். எதைக் கலப்பதாக இருந்தாலும் ஒரு டம்ளரில் கலந்து சில நாள் வைத்துப் பார்த்தபின் முழுக் குடுவைக்குப் போங்கள்.

நல்ல பெரிப் பேரிக்காய் மே ஹில் குன்று கண்ணில் படும் தூரத்தில்தான் விளையும் என்று குளோஸ்டர்ஷயர், ஹெரிஃபோர்ட்ஷயர், வூஸ்டர்ஷயர் மாவட்டங்களில் சொல்வார்கள். ஆஸ்திரியாவின் மோஸ்ட்ஃபீர்டல்காரர்களும் நார்மண்டியின் தோம்ஃபிரோன்காரர்களும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்களிடமும் அருமையான பெரி உண்டு. ஆனால் அந்தக் குன்றைச் சுற்றியுள்ள மரங்களைப் பார்த்தால் சொன்னவர்கள் மேல் கோபம் வராது. 200, 300 வருடம் நிற்கும் மரங்கள், தேவாலயக் கோபுரம்போல உயரம். பேரிக்கன்றை வாரிசுக்காக நடு என்பது அங்கே பழமொழி. இன்று நீங்கள் பொறுக்கும் பழம், உங்களை அறியாத யாரோ ஒருவர் நட்டது. அதனால்தான் ஒரு கூடை பழம்கூட வீணாகத் தரையில் அழுகுவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை.

புட்டியில் அடைப்பது

ஒப்படர்த்தியை இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் புட்டிக்குப் போகலாம். இதில் சலுகையே கிடையாது. புளித்து முடியாததைப் புட்டியில் அடைத்தால் வாயு சேர்ந்து கண்ணாடி வெடிக்கும், கண் போன கதைகள் உண்டு.

வாயு இல்லாமல் வேண்டுமென்றால் சுத்தமான புட்டியில் கழுத்துவரை நிரப்பி மூடினால் முடிந்தது. லேசாக நுரைக்க வேண்டுமென்றால் லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, 4.5 லிட்டர் குடுவைக்கு 27 கிராம். கொஞ்சம் சைடரிலேயே கரைத்துச் சமமாகக் கலக்கிவிட்டு அடையுங்கள். லிட்டருக்கு 10 கிராமைத் தாண்டவே வேண்டாம். ஷாம்பெயின் புட்டி அல்லது பீர் புட்டி மட்டும்தான், சாதாரண ஒயின் புட்டி அழுத்தம் தாங்காது.

நுரைக்கும் பானத்தைப் புட்டியில் அடைக்கும் கலையில் சைடர்காரர்களுக்கு மூத்த பங்கு உண்டு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலக்கரி உலையில் உருக்கிய கண்ணாடி முன்பைவிட உறுதியாக வந்தது. ஹெரிஃபோர்ட்ஷயரின் ஸ்கூடமோர் பிரபு ரெட்ஸ்ட்ரீக் ஆப்பிளைப் புகழ்பெறச் செய்த காலமும் அதுதான். அங்கே சைடரை உறுதியான புட்டியில் அடைத்து நுரைக்க வைத்தார்கள். ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்க வைப்பது பற்றி கிறிஸ்டோபர் மெரட் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தது 1662இல்.

வீட்டுக்குச் செய்து குடிப்பதற்கும் விற்பதற்கும் ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு, தொடங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் சைடரைக் காய்ச்சி வடிப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம், அதன் பக்கம் போக வேண்டாம்.

அடைத்த புட்டிகளை இரண்டு வாரம் அறை வெப்பத்தில் வைத்து, பிறகு குளுமையான இருட்டுக்கு மாற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: எந்தெந்தப் பழம், எத்தனை கிலோ, பிழிந்த தேதி, தொடக்க ஒப்படர்த்தி, முடிவு ஒப்படர்த்தி. இரண்டு மூன்று மாதம் கழித்து, முந்தைய நாளே நிமிர்த்திக் குளிர வைத்த ஒரு புட்டியைத் திறங்கள். கோப்பையைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் ஊற்றுங்கள், நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் அடி வண்டல் எழுந்துவிடும். கடைசி இரண்டு விரல் புட்டியிலேயே இருக்கட்டும். முதல் வாயை விழுங்கியபின் அரை நிமிடம் பேசாமல் இருங்கள், பழத்தைக் கடித்துப் பார்த்தபோது செய்ததுபோலவே. துவர்ப்பு எங்கே பிடிக்கிறது என்று பார்த்து, சீட்டின் பின்பக்கம் எழுதிவையுங்கள்.